வாயைச் சுற்றிப் பொரிந்தால் முதலில் எதை நிறுத்துவது

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். முகத்துக்கு ஏதாவது களிம்பு கொடுங்கள் என்று வருகிறவர்களில் நிறையப் பேர் காட்டுவது ஒரே இடத்தைத்தான். மூக்கின் பக்கவாட்டிலிருந்து கீழே இறங்கும் மடிப்பு, மேலுதட்டுக்கு மேல், முகவாய். அங்கெல்லாம் கடுகு அளவில், அதைவிடச் சின்னதாகவும், சிவப்பாகப் பொரிந்திருக்கும். சிலதின் தலையில் துளி சீழ் இருக்கும். வருகிறவர்களில் பெரும்பாலோர் இருபது முதல் நாற்பத்தைந்து வயதுப் பெண்கள். காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "சூடுதான்கா. இந்த வெயிலுக்கு வேற இன்னா ஆவும்?"

வேலூர் வெயில் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் நம்பத் தோன்றும். கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர் இது. வெயிலும் வியர்வையும் இந்தப் பொரிகளைக் கிளறிவிடும், அது உண்மை. ஆனால் ஆரம்பித்து வைத்தது எது என்று துருவிக் கேட்டால், பாதிப் பேருக்கு மேல் கடைசியில் ஒரு டியூப்பில்தான் போய் நிற்கிறது. அக்கம்பக்கத்தில் யாரோ சொன்னார்கள், பார்லரில் கொடுத்தார்கள், தம்பிக்குத் தொடையில் படர்தாமரை வந்தபோது வாங்கியது மிச்சம் இருந்தது என்று ஏதோ ஒரு வழியில் வீட்டுக்குள் வந்த டியூப். அதனால் நான் புது மருந்தைச் சொல்வதற்கு முன்னால், இப்போது என்ன பூசுகிறீர்கள் என்றுதான் கேட்பேன். இந்தப் பொரிகளுக்கு வைத்தியம், ஒன்றைச் சேர்ப்பதில் இல்லை, எடுப்பதில் ஆரம்பிக்கிறது.

முதலில் இது அதுதானா என்று பாருங்கள்

தோல் மருத்துவர்கள் இதைப் பெரியோரல் டெர்மடைடிஸ் என்பார்கள். வாயைச் சுற்றி வருகிற தோல் அழற்சி என்று வைத்துக்கொள்ளலாம். சில பேருக்கு மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் வரும்.

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் கண்ணாடியை வைத்துக்கொண்டு பாருங்கள். டியூப்லைட்டில் சரியாகத் தெரியாது. உதட்டின் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய வளையம் அளவுக்குத் தோல் சுத்தமாக இருக்கும். அதற்கு வெளியேதான் பொரிகள் தொடங்கும். இந்த வளையம்தான் பெரிய அடையாளம். பொரிகள் ஒரே அளவாக, கொத்துக் கொத்தாக இருக்கும். மேலே மெல்லிய செதில் உரியலாம். அரிப்பைவிட எரிச்சலும், தோல் இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு உணர்வும் அதிகம். முகம் கழுவிய உடனே அது நன்றாகத் தெரியும்.

புத்தகத்திலும் போனிலும் வருகிற படங்களில் எல்லாமே செக்கச்செவேல் என்று இருக்கும், ஏனென்றால் அவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் நிறத்தில் அது அடர்பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோதான் தெரியும். பொரி அடங்கிய பிறகு கறுத்த தழும்பு சில மாதம் நிற்கும். அந்தக் கறுப்பை நோய் என்று நினைத்து அதற்கு வேறு ஒரு கிரீம் வாங்கப் போகாதீர்கள். தானாக மங்கும்.

பருவில் கரும்புள்ளி, வெண்புள்ளி இருக்கும். கன்னம், நெற்றி, முதுகு என்று பரவும். இதில் கரும்புள்ளி இருக்காது. பரு கிரீமைக் கொண்டு வந்து இதன்மேல் பூசினால் எரிச்சல்தான் கூடும்.

அந்த டியூப்பைத் திருப்பிப் பாருங்கள்

அந்த டியூப்பில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு, அதாவது அழற்சியை அடக்கும் மருந்து. ஸ்டீராய்டு களிம்பு மோசமான மருந்து இல்லை. உள்ளங்கை, பாதக் கரப்பானுக்கு மருத்துவர் எழுதினால் அது நல்ல மருந்து. முகத்தோல் மெல்லியது, அங்கேதான் வம்பு. ஸ்டீராய்டைப் பூசினால் தோலுக்கடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அழற்சி அடங்கும், இரண்டு நாளில் முகம் பளிச்சென்று இருக்கும். நிறுத்தினால் குழாய்கள் பழையபடி, பழையதைவிட அதிகமாகவே, விரியும். பொரி முன்னைவிட அதிகமாக வரும். உடனே மறுபடி டியூப். பூசினால் அடங்கும், விட்டால் பொங்கும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் தோல் மெலிந்து, நரம்பு மாதிரிச் சிவப்பு ரத்தக் குழாய்கள் கன்னத்தில் தெரிய ஆரம்பிக்கும். சிலருக்கு உதட்டுக்கு மேல் ரோமம்கூட அதிகமாகும்.

"அந்தக் கிரீம் போட்டாத்தான்கா அடங்குது. நிறுத்தினா வந்துடுது." கவுண்டரில் இந்த வார்த்தை வந்துவிட்டால் எனக்குப் பெரிய சந்தேகம் மிச்சமிருக்காது.

டியூப்பின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன், பெக்ளோமெத்தசோன், ஃபுளூட்டிகசோன், ட்ரையாம்சினோலோன், ஹைட்ரோகார்ட்டிசோன். இதில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. குளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல் என்பவை பூஞ்சை மருந்து. அவையும் குளோபிட்டசால் மாதிரியே ஒலிப்பதால் குழம்ப வேண்டாம். பிரச்சினை என்னவென்றால், படர்தாமரைக்கு என்று விற்கும் பல டியூப்களில் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றும் ஒன்றாகக் கலந்திருக்கும். முகத்தை வெளுக்க வைக்கும் என்று பேர் வாங்கிய கிரீம்களிலும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயினோடு மொமெட்டசோன் மாதிரி ஒன்று சேர்ந்திருக்கும். பெயரே போடாத டப்பாவில், பார்லரில் கையால் எடுத்துக் கொடுக்கிற கிரீம் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அது முகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை, மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டும் விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே தோல் மருத்துவர்கள் சங்கம் பல வருடம் இதற்காகக் குரல் கொடுத்து வந்தது. சீட்டு இல்லாமல் கேட்கிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. "பக்கத்துக் கடையில தராங்களே" என்று கோபித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. போகட்டும். இருபத்திரண்டு வயசுப் பெண்ணின் முகத்தில் நாற்பது வயசுத் தோலைப் பார்த்த பிறகு, கொடுக்க மனசு வராது.

பூசாமலே ஸ்டீராய்டு படுகிறவர்களும் உண்டு

இது பலருக்குத் தெரியாது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுப்பவர்கள், மூக்கடைப்புக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே அடிப்பவர்கள், மாஸ்க் வைத்து நெபுலைசர் வைக்கும் குழந்தைகள். இவர்களுக்கெல்லாம் மருந்தின் தூவல் வாயைச் சுற்றிப் படிந்தே இருக்கும். ஊதுவத்திப் புகையும் பட்டாசுப் புகையும் வந்தால் இழுத்துக்கொள்ளும் குழந்தைக்கு இரவும் பகலும் புடிசோனைடு என்ற ஸ்டீராய்டை நெபுலைசரில் வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, குழந்தையின் மூக்கடியிலும் வாயோரத்திலும் பொரிந்ததைக் காட்டிப் பூச மருந்து கேட்டார். மாஸ்க் அச்சு எங்கே படிந்ததோ அங்கேதான் பொரியும் இருந்தது.

இன்ஹேலரை, நெபுலைசரை நீங்களாக நிறுத்தக் கூடாது. மூச்சு முக்கியம். வைத்து முடித்ததும் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிடுங்கள், வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், குழந்தைக்கு மாஸ்க் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இன்ஹேலருக்கு ஸ்பேசர் என்ற குடுவை கிடைக்கிறது. அதை வைத்து இழுத்தால் மருந்து முகத்தில் சிதறாது, நெஞ்சுக்கும் நன்றாகப் போகும். குழந்தைக்கு மருந்து பூசிவிடும் அம்மாவின் கையில் ஒட்டியிருக்கும் களிம்பும் முகத்துக்குப் போகும்; கையைக் கழுவிவிட்டு முகத்தைத் தொடுங்கள்.

ஸ்டீராய்டே படாமல் வருவதும் உண்டு

கனமான கிரீம்கள் அடுத்த காரணம். ஃபவுண்டேஷன், நைட் கிரீம், மேலே மாய்ஸ்சரைசர், அதற்கும் மேலே சன்ஸ்கிரீன் என்று அடுக்கினால் தோல் மூச்சு முட்டிப் போகிறது. தேங்காயெண்ணெயை முகத்தில் தடவிக்கொண்டு படுப்பது நம் வீடுகளில் சாதாரணம். வறண்ட கால் தோலுக்கு அது நல்லது. இந்தப் பொரிகள் மேல் வேண்டாம்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு வேறு ஒரு கஷ்டம். பசை வாடைக்கும் தூசிக்கும் நாள் முழுக்க மாஸ்க். உள்ளே வியர்வையும் மூச்சின் ஈரமும் தேங்கி, அதன்மேல் காலையில் பூசிய பவுடர் கரைந்து, சாயந்திரம் மாஸ்க்கைக் கழற்றினால் வாயைச் சுற்றி எரியும். மாஸ்க்கைக் கழற்றிவிடச் சொல்ல முடியாது, அது அவர்கள் நுரையீரலுக்குத் தேவை. அடியில் பவுடரும் கிரீமும் பூசாமல் போடுங்கள். துணி மாஸ்க் என்றால் இரண்டு மூன்று கொண்டு போய் நனைந்ததும் மாற்றுங்கள். மாஸ்க்கை வாசனைச் சோப்புத்தூளில் அலசாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் வெறும் தண்ணீரில் முகத்தைக் கழுவி ஒற்றி எடுங்கள்.

பற்பசையையும் சந்தேகப்பட வேண்டும். பட்டை, கிராம்பு வாசனை போட்ட பேஸ்ட், பல்லை வெளுப்பாக்குவது என்று விற்கும் பேஸ்ட், நுரை அதிகம் வருவது இவையெல்லாம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஃபுளூரைடு மீதும் பழி இருக்கிறது, ஆனால் அதற்கான ஆதாரம் அவ்வளவு பலமில்லை, ஃபுளூரைடு பல்லுக்கு வேண்டியதும்கூட. குழந்தைகளுக்கு அதை நிறுத்த வேண்டாம். சாதா பேஸ்ட்டுக்கு மாறுங்கள், பல் விளக்கி முடித்ததும் முகவாயில் வழிந்த நுரை நிற்காதபடி கழுவுங்கள். முகம் கழுவுவதைப் பல் விளக்கிய பிறகு வைத்துக்கொண்டால் இது தானாக நடந்துவிடும்.

கர்ப்பத்தடை மாத்திரை, மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள், வாசனையுள்ள லிப் பாம், இவையும் சிலருக்குத் தூண்டும். வயிற்றுச் சூடு, கோழிக்கறி, மாம்பழம் என்று சாப்பாட்டை நிறுத்திப் பட்டினி கிடப்பதால் இது சரியாவதில்லை.

நிறுத்துவது எப்படி

முகத்தில் பூசும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஸ்டீராய்டு மட்டும் இல்லை. ஃபவுண்டேஷன், பவுடர், சீரம், எண்ணெய், மஞ்சள், கடலை மாவு, எலுமிச்சை, குப்பைமேனி அரைத்த விழுது, எல்லாமும். மஞ்சளுக்கும் வேப்பிலைக்கும் நான் எதிரி இல்லை. தோலின் காப்பு கிழிந்து கிடக்கும்போது அதன்மேல் எதை அரைத்துப் பூசினாலும் எரியும், அவ்வளவுதான். ஆவி பிடிக்காதீர்கள். பொரியைக் கிள்ளாதீர்கள். நாரால் தேய்க்காதீர்கள்.

கழுவ வெறும் தண்ணீர், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. வெந்நீர் வேண்டாம். சோப்பு போட்டே ஆக வேண்டும் என்றால் வாசனையில்லாத, நுரை குறைந்த ஒன்று, கொஞ்சமாக. இங்கே ஒரு ஊர் விஷயம். வேலூரில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக அலசிப் போகாது, முகத்தில் படலமாக நின்றுவிடும். கடைசியாக ஒரு சொம்பு குடிநீரால் முகத்தை அலசிவிடுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

வறட்சி தாங்கவில்லை என்றால் வாசனையில்லாத லேசான லோஷன் ஒன்றே ஒன்று, மெல்லிசாக. வெளியே போகும்போது கிரீமுக்குப் பதில் குடையோ, தலையோடு முகத்தை மறைக்கிற பருத்தித் துப்பட்டாவோ போதும். வண்டியில் போகிற பெண்கள் எப்படியும் அதைக் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள். அன்றன்றைக்குத் துவைத்ததைக் கட்டுங்கள்.

இப்போது நான் மிகவும் கவலைப்பட்டுச் சொல்லும் பகுதி. ஸ்டீராய்டை நிறுத்திய சில நாளில் பொரி அதிகமாகும். முகம் சிவந்து, வீங்கின மாதிரி ஆகி, எரியும். இது ஒன்றிரண்டு வாரம் நிற்கலாம், நீண்ட நாள் பூசியவர்களுக்கு இன்னும் கூட. இந்த வாரங்களில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்றுப் போய் டியூப்பிடம் திரும்புகிறார்கள். வீட்டில் கல்யாணம், நிச்சயதார்த்தம் வருகிறது என்றால் இன்னும் மோசம். "நாளைக்குப் பொண்ணு பார்க்க வராங்க, இன்னிக்கு மட்டும் பூசிக்கிறேனே" என்று ஓர் அம்மா மகளுக்காகக் கெஞ்சினார். அந்த ஒரு நாளுக்காகப் பூசினால், நிறுத்துவதை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான பருத்தித் துணியைச் சில நிமிடம் முகத்தில் வைத்து எடுங்கள், எரிச்சல் அடங்கும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், "இது கொஞ்ச நாள் அதிகமாகித்தான் குறையும்" என்று. பார்க்கிறவர்கள் எல்லாம் "ஐயய்யோ, இன்னா இப்படி ஆயிடுச்சி" என்று சொன்னால் எந்தப் பெண்ணுக்கும் மன உறுதி நிற்காது.

பல மாதம், அல்லது குளோபிட்டசால் மாதிரி வீரியமானதைப் பூசியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். வீரியம் குறைந்த ஒன்றுக்கு மாற்றி, படிப்படியாக விடச் சொல்லலாம். எரிச்சல் அடங்க மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

மருத்துவர் என்ன கொடுப்பார்

லேசாக இருந்தால் பூசும் மருந்து போதும். மெட்ரோனிடசோல் ஜெல், எரித்ரோமைசின், அஸெலாயிக் அமிலம், பிமெக்ரோலிமஸ். இவற்றில் ஒன்று. கொஞ்சம் அதிகம் என்றால் டாக்ஸிசைக்ளின் மாதிரி மாத்திரை, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை. இது கிருமியைக் கொல்வதற்காக மட்டும் இல்லை, அழற்சியையும் அடக்கும். அதனால்தான் காய்ச்சலுக்குப் போல ஐந்து நாளில் முடிவதில்லை. பத்து நாளில் பாதி குறைந்ததும் நிறுத்துகிறவர்களுக்கு மறுபடி வரும்.

சீட்டோடு வரும் எல்லோருக்கும் டாக்ஸிசைக்ளின் கொடுக்கும்போது நான் சொல்வது இவை. சாப்பிட்ட பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும், நெஞ்சு எரியும். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், அசிடிட்டி மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் ஏறாது. பாலோடும் வேண்டாம். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், அதனால் குடை கண்டிப்பு. கர்ப்பமாக இருந்தால், குழந்தைக்குப் பால் கொடுத்தால், எட்டு வயதுக்குள் குழந்தை என்றால், இந்த மாத்திரை பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். எரித்ரோமைசின், அஸித்ரோமைசின் மாதிரி வேறு கொடுப்பார்கள். நாள் தள்ளிப் போயிருக்கிறது என்றால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் மிச்ச மாத்திரையைச் சாப்பிடக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் பூசிய எல்லா டியூப்பையும், காலியானதையும்கூட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். "வெள்ளைக் கலர் டியூப், நீல மூடி" என்று சொன்னால் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றையும் எத்தனை நாள் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்டினால் திட்டட்டும், வைத்தியம் சரியாக நடக்கும். அன்றைக்கு முகத்தில் மேக்கப் வேண்டாம்.

இதைப் போலவே தோன்றும் வேறு சில

குழந்தையின் மூக்கடியிலோ வாயோரத்திலோ கொப்புளம் உடைந்து, தேன் காய்ந்த மாதிரி மஞ்சள் பொருக்கு கட்டினால் அது சிரங்கு. பாக்டீரியாத் தொற்று. ஒட்டும். "பூச்சி நக்கிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவர் மியூபிரோசின் மாதிரி ஆன்டிபயாடிக் களிம்பு, அதிகமாக இருந்தால் வாய்வழி மருந்து கொடுப்பார். நகத்தை வெட்டுங்கள், துண்டு தனியாக வையுங்கள், பொருக்கு காயும்வரை பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். ஆறிய பிறகும் சில வாரம் கவனியுங்கள்: காலையில் முகம் ஊதியிருந்தாலோ, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ உடனே ஆஸ்பத்திரி. சிரங்குக்குப் பிறகு சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கும்.

உதட்டின் ஓரத்திலேயே, முதல் நாள் குறுகுறுவென்று எரிந்து, மறுநாள் நீர்க்கொப்புளம் கொத்தாக வந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ். காய்ச்சல் வந்து போன பிறகு வரும், தேர்வு நேரத்தில் வரும். நம் பக்கம் இதையும் அக்கி என்று சொல்லிக் காவியால் எழுதிக்கொள்வார்கள். ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே ஆறக்கூடியது இது. அசைக்ளோவிர் வேண்டுமென்றால் குறுகுறுப்பு தொடங்கிய அன்றே தொடங்கினால்தான் பலன். கண்ணுக்குப் பக்கத்தில் கொப்புளம் வந்தால் எழுதுவதற்கெல்லாம் போகாமல் கண் மருத்துவரிடம் போங்கள். கொப்புளம் இருக்கும்போது கைக்குழந்தைக்கு முத்தம் கொடுக்கவே கூடாது. பிறந்த குழந்தைக்கு இந்த வைரஸ் உயிருக்கே ஆபத்து.

வாயின் இரண்டு கடையோரமும் வெடித்துப் புண்ணாவது வேறு. பூஞ்சை, இரும்புச்சத்துக் குறைவு, பி வைட்டமின் குறைவு, பொருந்தாத பல்செட், சர்க்கரை நோய் என்று காரணம் பல. திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

குழந்தை நாக்கால் உதட்டைச் சுற்றி நக்கிக்கொண்டே இருந்தால் வளையமாகக் கறுத்து வெடிக்கும். இதில் உதட்டை ஒட்டிய இடமும் சேர்ந்தே பாதிக்கும், சுத்தமான வளையம் இருக்காது. இதற்கு வாஸ்லின்தான் மருந்து, சாப்பாட்டுக்கு முன்னும் தூங்கப் போகும்போதும் தாராளமாக. மேலே சொன்ன பொரிக்கு வாஸ்லின் ஆகாது, இதற்கு ஆகும். அதனால்தான் எது என்று பார்க்காமல் பூசக் கூடாது.

மாம்பழ சீசனில் இன்னொன்று வரும். காம்பைக் கிள்ளியதும் வழியும் பால் பட்டு வாயோரம் வெந்து கொப்புளிக்கும். பழத்தைக் காம்பு நீக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, தோல் சீவிச் சாப்பிட்டால் பெரும்பாலும் வராது.

ஆண்கள் தாடி இடத்தில் பொரிந்து வருவார்கள். சவரம் செய்த முடி திரும்பிச் சதைக்குள் வளைந்து குத்துவதால் வருவது அது. சில வாரம் சவரத்தை நிறுத்தி, டிரிம்மரால் ஒட்ட வெட்டாமல் விட்டால் அடங்கும். பிறகு முடி வளரும் திசையிலேயே, புது பிளேடால். ஓரம் மட்டும் சிவந்து வட்டமாகப் பரவினால் படர்தாமரை; அதன்மேல் ஸ்டீராய்டு பட்டால் வட்டமே அழிந்து, பிறகு மருத்துவருக்கே கண்டுபிடிப்பது கஷ்டம்.

குழந்தையின் கன்னத்தில் வாய்ப் பக்கமாக வெளுத்த தேமல் தெரிந்தால் பெரும்பாலும் அது வறட்சி. வயிற்றுப் பூச்சி காரணமில்லை. அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம். தொழுநோய் வைத்தியத்துக்கு உலகமே அறிந்த கரிகிரி மருத்துவமனை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்து இலவசம், முழுசாகக் குணமாகும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

காய்ச்சலோடு முகம் சிவந்து சூடாக வீங்கினால், கண்ணைச் சுற்றிப் பரவினால், வலி ஏறிக்கொண்டே போனால் அன்றே போங்கள். மற்றபடி எல்லாவற்றையும் நிறுத்தி மூன்று நான்கு வாரம் ஆகியும் குறைகிற அறிகுறியே இல்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

சரியான பிறகு

முகம் தெளிந்ததும் பழையபடி எல்லாவற்றையும் ஒரே நாளில் பூசத் தொடங்காதீர்கள். முதலில் ஒரு லேசான மாய்ஸ்சரைசர், அதுவும் தேவை என்றால். ஒரு வாரம் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் ஜெல் மாதிரி இருக்கும் சன்ஸ்கிரீன். இன்னொரு வாரம். மேக்கப் கடைசி, அதுவும் விசேஷ நாளில் மட்டும். இரவு கழுவிவிட்டுத்தான் படுக்க வேண்டும். எதைச் சேர்த்த வாரத்தில் பொரி எட்டிப் பார்க்கிறதோ அதை உங்கள் முகத்துக்கு ஆகாதவை என்ற கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு டியூப் யாருக்காவது மருத்துவர் எழுதியது என்றால் அவர் பெயரை டியூப்பின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். யாருடையது என்றே தெரியாததைப் பிதுக்கிக் காலி செய்து குப்பையில் போடுங்கள்.